ஆஸ்டோரியாவும் லிபர்ட்டி தியேட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ட்லாந்து, சியாட்டில் பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்களும், விடுமுறைக்கு ஆரிகன் வரும் உறவினர்களும் ஆஸ்டோரியா பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பாலம், கடற்கரை, சினிமா எடுத்த வீடு என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஊரின் நடுவில் நிற்கும் லிபர்ட்டி தியேட்டரை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து வந்துவிடுகிறார்கள். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான். அதனால் பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

ஆஸ்டோரியா எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வடமேற்கு மூலையில். கொலம்பியா ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தென்கரையில் மலைச்சரிவை ஒட்டி ஊர் இருக்கிறது. எதிர்க்கரை வாஷிங்டன் மாநிலம். போர்ட்லாந்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

படத்தில் பார்த்தால் கடல் மாதிரி இருக்கிறதே, அது ஆறா?

ஆறுதான். ஊருக்கு எதிரே ஆற்றின் அகலம் ஆறு கிலோமீட்டருக்கும் மேல். 1966-ல் திறந்த ஆஸ்டோரியா-மெக்லர் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர். அதுவரை இக்கரையிலிருந்து அக்கரைக்குப் படகில்தான் கார்கள் போய்வந்தன.

அலையடிக்கும் கடற்கரை வேண்டுமென்றால் இன்னும் மேற்கே, தெற்கே போக வேண்டும். ஆஸ்டோரியாவின் வாழ்க்கை முழுக்க ஆற்றைப் பார்த்தே அமைந்தது. பெரிய சரக்குக் கப்பல்கள் ஊருக்கு முன்னால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டும், நீரோட்டமும், கடல் அலையும் மோதிக்கொள்ளும் பகுதி உலகின் மிக ஆபத்தான கப்பல் வழிகளில் ஒன்று. அந்த வட்டாரத்தில் மூழ்கியோ தரைதட்டியோ போன கலங்கள் இரண்டாயிரம் இருக்கும் என்கிறார்கள். அதனால் அந்த இடத்தைக் கடக்க ஒவ்வொரு கப்பலிலும் அதற்கென்றே பயிற்சி பெற்ற பைலட் (கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி) ஒருவர் ஏறுகிறார். ஊருக்கு எதிரே அவர் இறங்க, ஆற்றுக்கான பைலட் ஏறிக் கப்பலை மேலே கொண்டுபோகிறார். கொலம்பியா ஆற்றுக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இதை நன்றாக விளக்கியிருக்கிறார்கள். ஒரு காலைப்பொழுதை அங்கே தாராளமாகச் செலவிடலாம்.

ஊர் எவ்வளவு பழையது?

அமெரிக்கர்கள் ராக்கி மலைகளுக்கு மேற்கே அமைத்து இன்றுவரை நிலைத்திருக்கும் குடியிருப்புகளில் இதுவே மூத்தது. 1811-ல் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்ற நியூயார்க் வணிகரின் நிறுவனம் விலங்குத் தோல் வாங்குவதற்காக இங்கே ஒரு கோட்டை கட்டியது. ஊருக்கு அவர் பெயர். அவர் ஒருநாள்கூட இங்கே வந்ததில்லை.

அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே கிளாட்சப், சினூக் மக்கள் இந்த ஆற்றின் சால்மன் மீனை நம்பி வாழ்ந்தார்கள். பசிபிக் கடல்வரை வழி தேடி அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணக் குழு 1805-06 குளிர்காலத்தைக் கழித்தது அருகிலிருக்கும் கிளாட்சப் கோட்டையில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சால்மனை டின்னில் அடைக்கும் தொழில் வந்தது. ஆற்றங்கரை முழுக்க ஆலைகள் முளைத்தன. மீன் பிடித்தவர்களில் பெரும்பங்கு பின்லாந்துக்காரர்கள். ஆலைக்குள் மீனை வெட்டிச் சுத்தம் செய்து அடைத்தவர்களில் பெரும்பங்கு சீனர்கள். அந்தச் சீனத் தொழிலாளர்களின் நினைவுக்காக நகர மையத்தில் ஒரு தோட்டம் 2014-ல் திறக்கப்பட்டது. தியேட்டரிலிருந்து நடந்தே போகலாம்.

1922 தீ விபத்து என்று எல்லோரும் சொல்கிறார்களே, என்ன நடந்தது?

இது தெரியாமல் லிபர்ட்டி தியேட்டரைப் புரிந்துகொள்ள முடியாது.

பழைய ஆஸ்டோரியாவின் வணிகப் பகுதி திடமான தரையில் நிற்கவில்லை. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே சமதளம் குறைவு. அதனால் அலை ஏறி இறங்கும் சேற்றில் மரத்தூண்களை அடித்து, மேலே பலகை பாவி, அதன்மேல் தெருவும் கடையும் அமைத்தார்கள். தெருவுக்குக் கீழே வெற்றிடம். குடிநீர்க் குழாய்கள்கூட அந்த மரச்சட்டங்களோடு சேர்ந்தே ஓடின.

1922 டிசம்பர் 8, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, கமர்ஷியல் தெருவில் தீப்பிடித்தது. தெருவுக்கு மேலே நின்று தண்ணீர் பீய்ச்சினால், தீ தெருவுக்குக் கீழே புகுந்து ஓடியது. தூண்கள் எரிந்து சரிந்தபோது குழாய்களும் உடைந்தன, தண்ணீர் அழுத்தம் போனது. கடைசியில் வெடிமருந்து வைத்துக் கட்டடங்களைத் தகர்த்துத் தீயின் வழியை மறிக்க வேண்டியிருந்தது. விடிந்தபோது ஏறத்தாழ முப்பது பிளாக்குகள் சாம்பல். கடைகள், வங்கிகள், உணவகங்கள் என்று ஒரு ஊரை ஊராக வைத்திருக்கும் எல்லாமே போயின. ஊரின் பெரிய மர ஆலையும் அதே ஆண்டில் எரிந்துபோயிருந்தது.

1920-ல் பதினாலாயிரம் பேர் இருந்த ஊரில், 1930 கணக்கெடுப்பின்போது பத்தாயிரத்துச் சொச்சம் பேர்தான். நூறு ஆண்டு கடந்தும் அந்தப் பழைய எண்ணிக்கையை ஊர் திரும்ப எட்டவில்லை.

இப்போது இருக்கும் தெருக்கள் எப்படிக் கட்டப்பட்டன?

மறுபடி மரத்தை நம்பவில்லை. கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் எழுப்பி, நடுவே மண் நிரப்பித் தெருக்களை அமைத்தார்கள். நடைபாதைக்குக் கீழே மட்டும் வெற்றிடம் விட்டு, குழாய்களையும் கம்பிகளையும் அதற்குள் கொண்டுபோனார்கள். நகர மையத்தில் நடக்கும்போது சில இடங்களில் காலடியில் ஊதாநிறக் கண்ணாடிக் கட்டங்கள் பதித்திருக்கும். கீழே இருக்கும் வெற்றிடத்துக்கு வெளிச்சம் போவதற்காக வைத்தவை அவை. பலர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். நின்று பாருங்கள், அந்தத் தீயிலிருந்து ஊர் கற்றுக்கொண்டது அங்கே தெரியும்.

எல்லாம் எரிந்துபோன ஊர் தியேட்டர் கட்டியதா? அது அவசியமா?

இதைக் கேட்பவர்கள் பலர். கேட்க வேண்டிய கேள்விதான்.

தீ நடந்து இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. 1925 ஏப்ரல் 4 அன்று, கமர்ஷியல் தெருவும் 12-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில், எரிந்த நிலத்தின் மேலேயே லிபர்ட்டி திறந்தது. அதற்கு முன்பே, இரண்டு பிளாக் தள்ளி, எட்டு மாடி ஹோட்டல் ஒன்று எழுந்துவிட்டது. இவ்வளவு சின்ன ஊரில் எட்டு மாடி.

இதில் கணக்கும் இருந்தது. தியேட்டர் தனிக் கட்டடம் இல்லை. ஆஸ்டர் பில்டிங் என்ற பெரிய கட்டடத்தின் உட்பகுதி அது. தெருவைப் பார்த்த பக்கமெல்லாம் கடைகள். இரவில் படம் பார்க்க வரும் கூட்டம் கடைவீதிக்கு உயிர் கொடுக்கும், கடை வாடகை கட்டடத்தைத் தாங்கும். தியேட்டரை நடத்த வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்: ஜென்சனும் வான் ஹெர்பெர்கும். பசிபிக் வடமேற்கு முழுக்கத் திரையரங்குகள் வைத்திருந்த கூட்டாளிகள். இழப்புக்குப் பணம் போட வரும் ஆட்கள் இல்லை அவர்கள்.

ஆனால் கணக்கு மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. மழை விடாமல் பெய்யும் ஊர், பலருக்கு மீன்பிடி வேலை, கண்ணெதிரே கரிந்த தூண்கள். வேலைக்குப் போவதும் வீட்டுக்குத் திரும்புவதும் மட்டுமே மிச்சம் என்றால் ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். பல ஆயிரம் பேர் போனார்கள் என்பதை மேலே பார்த்தோம். இருந்தவர்களுக்கு ஒன்றாக உட்கார ஒரு கூரை தேவைப்பட்டது. அதை ஓலைக்கொட்டகை மாதிரி ஒப்புக்குக் கட்டாமல், வெனிஸ் மாளிகை போலக் கட்டினார்கள் பாருங்கள், அதில் எனக்கு அந்த ஊர்மேல் பெரிய மரியாதை.

வெனிஸ் மாளிகையா? உள்ளே எப்படி இருக்கும்?

வெளியே பார்த்தால் தூண்களும் வளைவுகளுமாக இத்தாலியச் சாயல். வடிவமைத்தது போர்ட்லாந்தைச் சேர்ந்த பென்னஸ், ஹெர்சாக் என்ற கட்டடக் கலைஞர்கள். உள்ளே போனால் வெனிஸ் நகரக் கனவு. அரங்கின் சுவர்களில் பன்னிரண்டு ஓவியங்கள்: கால்வாய்கள், படகுகள், கரையோர மாளிகைகள். மேலே பெரிய சரவிளக்கு. பால்கனி உண்டு. இருக்கைகள் அறுநூற்றுச் சொச்சம்தான், அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் மேடை தூரமாகத் தெரியாது.

அந்தக் காலத்துத் திரை மாளிகைகள் பலவற்றைப் போல இதன் மேடைக்கும் ஆழம் குறைவு. படம் காட்டுவதுதான் முதல் வேலை, இடையிடையே மேடை நிகழ்ச்சி என்ற கணக்கில் கட்டியது. பெரிய நாடகக் குழுவும் நடனக் குழுவும் வரும்போது இந்தக் குறை தெரியும். பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் அது ஒரு குறையே இல்லை.

மழை கொட்டும் ஒரு மீன்பிடி ஊரில் எதற்கு வெனிஸ் என்று கேட்டால், என் ஊகம் இது: தண்ணீரில் தூண் நட்டு ஊர் கட்டியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான நகரம் வேறு எது?

அந்த ஓவியங்களை வரைந்தவர் நிர்வாணமாகக் காட்டில் வாழ்ந்தவர் என்பது உண்மையா?

உண்மை. பெயர் ஜோசப் நோல்ஸ். 1913 ஆகஸ்டில், பாஸ்டன் நாளிதழ் ஒன்றின் ஏற்பாட்டில், உடுத்திய துணியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, எந்தக் கருவியும் இல்லாமல் மெய்ன் மாநிலக் காட்டுக்குள் தனியாகப் போனார். இரண்டு மாதம் அங்கே வாழ்ந்தார். மரப்பட்டையில் கரியால் எழுதிய குறிப்புகளும் படங்களும் காட்டிலிருந்து வெளியே வந்தன, நாளிதழின் விற்பனை ஏறியது. விலங்குத் தோல் உடுத்தித் திரும்பி வந்தபோது பாஸ்டனில் பெருங்கூட்டம் வரவேற்றது. காட்டில் அவர் தனியாக இருக்கவே இல்லை, குடிசையில் வசதியாக இருந்தார் என்று போட்டி நாளிதழ் குற்றம் சாட்டியது. அந்தச் சண்டை தீரவே இல்லை.

பிறகு மேற்கே வந்து, ஆஸ்டோரியாவுக்கு எதிர்க்கரையில், வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் குடியேறினார். 1942-ல் இறக்கும்வரை ஓவியராகவே வாழ்ந்தார். காட்டுக் கதை எப்படியிருந்தாலும், அவருடைய வெனிஸ் ஓவியங்கள் நூறு ஆண்டாக அதே சுவரில் இருக்கின்றன. எனக்கு அவரைப் பற்றி அதுதான் முக்கியம். நிகழ்ச்சிக்குப் போனால் அரைமணி முன்னதாகவே உள்ளே போய், விளக்கு அணையும்முன் பன்னிரண்டையும் பார்த்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் என்ன நடந்தது? படமா, நாடகமா?

இரண்டும். 1925 என்பது ஊமைப்படக் காலம், படத்தோடு நேரடி இசை இருக்கும். நடுவே வாடெவில் நடக்கும். பாட்டு, நடனம், நகைச்சுவை, வித்தை எல்லாம் கலந்த மேடைக் கதம்பம் அது. ஊர் ஊராகச் சுற்றும் கலைஞர்கள் வந்து இரண்டு மூன்று நாள் நடத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். சில ஆண்டுகளில் பேசும் படம் வந்ததும் வாடெவில் தேய்ந்தது. இந்த மேடையில் ஏறியவர்களாக ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் பெயர்களில் ஜாஸ் இசைக் கலைஞர் டியூக் எலிங்டனும் நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியும் உண்டு.

ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிள் இங்கேதான் நடிக்கத் தொடங்கினாராமே?

ஊருக்குப் பொருந்தும், தியேட்டருக்குப் பொருந்தாது. 1922-ல், பெயர் தெரியாத இளைஞராக, ஒரு நாடகக் குழுவோடு அவர் ஆஸ்டோரியாவில் நடித்தார். லிபர்ட்டி அப்போது கட்டப்படவே இல்லை.

இவ்வளவு நன்றாக இருந்த தியேட்டர் ஏன் நலிந்தது?

அமெரிக்கா முழுக்க இதே கதைதான், ஆனால் ஆஸ்டோரியாவில் அதற்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. டிவி.

1948 நவம்பரில் சியாட்டிலில் முதல் டிவி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆஸ்டோரியா அங்கிருந்து வெகுதூரம், நடுவே மலைகள். சாதாரண ஆண்டெனாவுக்கு எதுவும் எட்டாது. உள்ளூர் வானொலி நிலையம் நடத்திய எட் பார்சன்ஸ், நான் மேலே சொன்ன எட்டு மாடி ஹோட்டலின் மொட்டைமாடியில் ஒரு ஆண்டெனா வைத்துப் பார்த்தார். சிக்னல் கிடைத்தது. அங்கிருந்து கேபிள் இழுத்து எதிரே இருந்த தன் வீட்டு டிவிக்குக் கொண்டுபோனார். பார்க்க வருகிற கூட்டம் வீட்டில் அடங்கவில்லை. ஹோட்டலுக்கும், பிறகு ஊரில் கேட்டவர்களுக்கும் கேபிள் இழுத்துக் கொடுத்தார். அமெரிக்காவின் முதல் கேபிள் டிவி எது என்ற பேச்சு வந்தால், முன்னணியில் வரும் பெயர்களில் ஆஸ்டோரியாவும் ஒன்று.

ஆக, தியேட்டர்களை நாடெங்கும் காலியாக்கிய அந்தப் பெட்டி, இந்த ஊருக்கு லிபர்ட்டியிலிருந்து இரண்டே பிளாக் தள்ளி வந்து இறங்கியது. அப்புறம் மீனும் குறைந்தது. ஆற்றின் மேல்பகுதியில் அணைகள், அளவுக்கு மீறிய மீன்பிடி. ஊரின் கடைசிப் பெரிய டின் மீன் ஆலையை பம்பிள் பீ நிறுவனம் 1980-ல் மூடியது. கையில் காசு இல்லாத ஊரில் பழைய தியேட்டரைப் பராமரிக்க யார் வருவார்கள்? 1984-ல் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. பதிவேட்டில் ஏறினால் மதிப்புக் கூடும், கூரை ஒழுகுவது நிற்காது.

அப்படியானால் காப்பாற்றியது யார்?

ஊர்க்காரர்கள். லிபர்ட்டியை மீட்பதற்கென்றே லாப நோக்கில்லாத ஒரு அமைப்பை உருவாக்கினார்கள். நன்கொடை திரட்டினார்கள், நிதியுதவிக்கு விண்ணப்பித்தார்கள், கட்டடத்தை வாங்கினார்கள். 2000-களின் முதல் பாதி முழுக்க வேலை நடந்தது. சுவர், ஓவியம், இருக்கை, மின்சாரம் என்று கட்டம் கட்டமாகச் செய்து மேடைக்கலை அரங்காக மீட்டெடுத்தார்கள். இன்றும் அந்த அமைப்புதான் நடத்துகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கட்டடம் ஒன்றை மீட்டு, நாடா வெட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது போலப் பூட்டிவிடுவது சுலபம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் நிகழ்ச்சியும் அங்கேதான், வெளியூர் இசைக்குழுவும் அங்கேதான். பழைய தியேட்டர் பிழைக்க ஒரே வழி, வாரா வாரம் யாராவது உள்ளே உட்கார்ந்திருப்பது. நன்கொடை ஒருமுறை கூரையை மாற்றும். அடுத்த குளிர்காலத்து மின்கட்டணத்தை டிக்கெட் வாங்குபவர்கள்தான் கட்ட வேண்டும். எனவே, வெளியே நின்று படம் எடுத்துவிட்டு வராதீர்கள், எந்த நிகழ்ச்சியானாலும் சரி, ஒரு டிக்கெட் வாங்குங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவுக்கும் ஆஸ்டோரியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பெரிய தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் கட்சி இங்கே உருவானது. ‘கதர்’ என்றால் இங்கே துணி இல்லை, கலகம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஆரிகன் மர ஆலைகளில் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் சீக்கியர். 1910-ல் போர்ட்லாந்துக்கு அருகே செயின்ட் ஜான்ஸில் ஒரு கும்பல் அவர்களைத் தாக்கி விரட்டியது. ஆஸ்டோரியாவில் ஹாமண்ட் மர ஆலையில் வேலை செய்தவர்கள், ஊரின் கிழக்கே ஆல்டர்புரூக் பகுதியில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். மேலே 1922-ல் எரிந்ததாகச் சொன்ன மர ஆலை இதுதான்.

1913-ல் அவர்கள் இந்தியப் புரட்சியாளர் லாலா ஹர்தயாளை வரவழைத்து, ஆஸ்டோரியாவின் பின்லாந்துத் தொழிலாளர்கள் நடத்திய சோஷலிஸ்ட் மன்றத்தில் கூடினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதம் ஏந்தி வெளியேற்றுவது என்று உறுதியெடுத்த அமைப்பு அந்த நாட்களில் பிறந்தது. தலைவர் சோஹன் சிங் பக்னா, அவரே ஒரு மர ஆலைத் தொழிலாளி. பொருளாளர் காசி ராம். அதே ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘கதர்’ இதழ் வெளிவந்தது. 1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பலர் பிடிபட்டார்கள். காசி ராமும் இளைஞர் கர்த்தார் சிங் சராபாவும் 1915-ல் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தக் கட்சியோடு கைகோத்துச் செயல்பட்ட, ஜெர்மனியில் இருந்த இந்தியப் புரட்சியாளர்களின் பெர்லின் குழுவில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

பின்லாந்துக்காரர்கள் எதற்கு இடம் கொடுத்தார்கள்? அவர்களுடைய நாடு அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அடுத்தவன் ஆட்சியில் வாழ்வது என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மாதிரி மன்றங்களில் கூட்டம் மட்டுமல்ல, நாடகம், பாட்டு, நடனம் எல்லாம் நடக்கும். லிபர்ட்டி வருவதற்கு முன்பே இந்த ஊரில் மேடைக்கும் அரசியலுக்கும் இடம் இருந்தது.

2013-ல் ஊர் இதன் நூற்றாண்டைக் கொண்டாடியது. பாலத்துக்கு அருகே ஆற்றங்கரைப் பூங்காவில் நினைவுப் பலகை இருக்கிறது. இந்தியர்கள் பலர் அதே பூங்காவில் பாலத்தைப் படம் எடுத்துவிட்டுப் பலகையைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சினிமா எடுத்த வீட்டைப் பார்க்கலாமா?

1985-ல் வந்த ‘தி கூனீஸ்’ படத்தின் வீட்டைத்தான் கேட்கிறீர்கள். அது தனியார் வீடு. தெருவில் இருந்து பார்க்கலாம், அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யாமல். அதே படத்தில் வரும் பழைய சிறைக்கட்டடம் இப்போது ஆரிகன் திரைப்பட அருங்காட்சியகம், அங்கே தாராளமாக உள்ளே போகலாம்.

லிபர்ட்டியில் எந்த மாதத்து நிகழ்ச்சி சிறப்பு?

ஆண்டு முழுக்க ஏதாவது இருக்கும். ஆனால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால், பிப்ரவரி கடைசி வார இறுதி. 1998 முதல் மீனவக் கவிஞர்கள் கூடும் நாட்கள் அவை. அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை மீன்பிடித் தொழிலில் இருப்பவர்கள், இருந்தவர்கள் வந்து தாங்கள் எழுதிய கவிதையையும் கதையையும் பாட்டையும் மேடையேற்றுகிறார்கள். ஊரில் பல இடங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். மதுக்கூடத்திலும் நடக்கும், அரங்கிலும் நடக்கும்.

அங்கே வாசிக்கிறவர்கள் தொழில்முறை எழுத்தாளர்கள் இல்லை. வலை இழுத்த கை, புயலில் நண்பனை இழந்த அனுபவம், கடன் வாங்கிப் படகு வாங்கிய கணக்கு, இவைதான் பாட்டில் வரும். பெண் மீனவர்களும் நிறைய வருகிறார்கள். ஆங்கிலம் ஓரளவு புரிந்தால் போதும், அவசியம் கேளுங்கள். அந்த வார இறுதிக்கு விடுதி கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

குழந்தைகளோடு போகிறோம். அவர்களுக்கு என்ன?

கோடையில் போனால், ஊரிலேயே இன்னொரு சின்ன நாடகக் குழு 1980-கள் முதல் நடத்திவரும் இசை நாடகத்துக்குக் கூட்டிப் போங்கள். மாலுமிகளை மயக்கிக் கடத்திக் கப்பலுக்கு விற்ற பழைய காலத்துக் கதை. வில்லன் வந்தால் கத்தலாம், பாப்கார்ன் எறியலாம், அதுதான் அங்கே முறை. பிள்ளைகளுக்கு லிபர்ட்டியைவிட அதுதான் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

மலையுச்சியில் 1926-ல் கட்டிய ஆஸ்டோரியா தூண் இருக்கிறது. 125 அடி உயரம், உள்ளே 164 படி. வெளிச்சுவரில் ஊரின் வரலாறு சுருள் சுருளாகச் சித்திரமாக ஏறும். மேலிருந்து பார்த்தால் ஆறு, கடல், பாலம், காடு நான்கும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

நிகழ்ச்சி இல்லாத நாளில் போனால் தியேட்டருக்குள் விடுவார்களா?

எல்லா நாளும் திறந்திருக்காது. போகும்முன் அவர்களுடைய இணையதளத்தைப் பாருங்கள். இல்லையென்றால் வெளிப்பக்கத்தையும் மூலைக் கடைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் விளக்கு எரியும் நேரத்தில் இன்னொருமுறை வாருங்கள்.

எந்தப் பருவத்தில் போகலாம்? எப்படிப் போவது?

ஜூலை முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் இருக்கும். மற்ற மாதங்களில் மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும். குடை காற்றில் நிற்காது, மழைச் சட்டைதான் சரி.

போர்ட்லாந்திலிருந்து 30-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆற்றை ஒட்டியே போனால் இரண்டு மணி நேரம். ஊருக்குள் போய்விட்டால் கார் தேவையில்லை. கோடையில் ஆற்றங்கரையோரம் 1913-ல் செய்த பழைய டிராம் ஒன்று ஓடும், நேரம் விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். இரவு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் அன்றே திரும்ப நினைக்காதீர்கள். 30-ஆம் எண் சாலையில் பல இடங்களில் விளக்கு இல்லை, வளைவு அதிகம், மழையும் சேர்ந்தால் ஓட்டுவது சிரமம். ஊரிலேயே தங்கிவிட்டுக் காலையில் நினைவுப் பலகையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.